ஆறு மா நிலமும் கப்பல் உரலும்

1

இதில் எழுதப்போகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். இப்போது கடையில் கிடைக்கிற கற்பூரம் பாதி மெழுகு என்பதால் அந்தச் சத்தியத்தில் எனக்கே நம்பிக்கை குறைவு. ஆகவே வெட்டாற்றில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்று சொல்கிறேன்: அத்தனையும் உண்மை. (வெட்டாற்றில் இந்த மாதம் தண்ணீர் இல்லை. மணலில்தான் நிற்கிறேன். அதனால் சத்தியத்துக்குக் குறைவில்லை.)

கதை எங்கே பிறந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் ரேஷன் கடையில். விரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். எந்திரம் ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன். ஏற்கவில்லை. பத்து விரலும் ஆயிற்று. கடையில் இருந்த பெண் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரேகையே இல்லையே தாத்தா. நெசமா நீங்கதானா நீங்க?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி.

கையைப் பார்த்து ஆளைச் சந்தேகிப்பது எந்திரத்தோடு வந்த பழக்கம் இல்லை. 1971இல் எங்கள் பக்கத்தில் ஓர் அதிகாரி அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கீழ்வேளூர் வட்டத்தில் ஒரு கிராமம். ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வக்கீலாக இருக்கிறார்கள்.

நான் யார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன். அவ்வளவு போதும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பொன் விளையும் காவிரிப் படுகையில், பச்சைப் பட்டு விரித்தாற்போல—"

இல்லை. அந்த வருஷம் விரித்திருந்தது முழுக்கச் சந்தேகம். பச்சை அதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது முயற்சி: "உழைப்பவனுக்கே நிலம் என்ற முழக்கம் திக்கெட்டும்—"

இது மேடை. கீழே இறங்கிவிடுகிறேன்.

மூன்றாவது முயற்சி: "துரைக்கண்ணுவின் கை, உரித்த நுங்கு மாதிரி இருந்தது."

இது சரி. இங்கிருந்து போகலாம்.

துரைக்கண்ணுவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. திருச்சியில் பி.ஏ. படிக்கப் போய், பாதியில் திரும்பி வந்து, மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமா என்றால் மிராசுதார் வைத்தியலிங்கம். மாமாவின் நிலத்தில் வாய்க்காலை ஒட்டி ஆறு மா இருந்தது. மூன்று மா ஓர் ஏக்கர் என்று வெளியூர்க்காரர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஆறு மாவைக் குத்தகைக்கு எடுத்து உழுதவர் ஐயாவு. அவர் பாம்பு கடித்துச் செத்த பிறகு, ஆறு வருஷமாக அவர் மனைவி நீலாம்பாள் பயிர் வைத்தாள். வாய்ப்பேச்சுக் குத்தகை. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

இந்த நேரத்தில்தான் சர்க்கார், குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிச் சட்டம் போட்டது. பதிவாகிவிட்டால் நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது. விவசாயச் சங்கத்துக்காரர்கள் நீலாம்பாளை மனுப் போட வைத்தார்கள். வைத்தியலிங்கமும் ஒரு மனுப் போட வைத்தார்: அந்த ஆறு மாவை இத்தனை வருஷமும் கைப்பாடுபட்டு உழுதது என் அக்காள் மகன் துரைக்கண்ணு என்று.

ஊர்க்கணக்கு எழுதுகிற கர்ணத்தின் பதிவேட்டில் எவர் பெயரும் இல்லை. கர்ணம் ரொம்ப ஜாக்கிரதையான மனிதர்.

3

விசாரணைக்கு வரப்போகிற அதிகாரியைப் பற்றிப் பக்கத்து ஊரிலிருந்து சேதி வந்தது. அவர் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கையை நீட்டச் சொல்கிறாராம். சொந்த உடலுழைப்புப் போட்டவன்தான் சாகுபடிதாரர் என்பது சட்டம். அப்படியானால் உழைப்பு உடம்பில் எங்கேயாவது இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. "காகிதத்த யாரு வேணா எழுதலாம். கையக் காட்டுங்க" என்பாராம்.

(இப்படி ஒரு விதியை எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. சட்டப் புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

வைத்தியலிங்கம் மருமகனின் கையைப் பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பினார்.

"இத வச்சிக்கிட்டு ஊறுகா கூட கிண்ட முடியாதேடா."

"வயல்ல எறங்கட்டுமா மாமா?"

"எறங்கு. ஊரே கரையில நின்னு கை தட்டும். சங்கத்துக்காரன் போட்டோ புடிச்சி கலெக்டருக்கு அனுப்புவான். கொல்லையில கொத்து, போ."

கொல்லையில் கொத்தினான். இரண்டாம் நாள் வேருக்குள் மண்வெட்டி போய், அறுபது அடித் தென்னை ஒன்று மெதுவாக யோசித்து மாட்டுக்கொட்டகை மேல் படுத்துக்கொண்டது. மாட்டுக்கு ஒன்றும் இல்லை. துரைக்கண்ணுவுக்குக் கை முழுக்கக் கொப்புளம், ஐந்து நாள் காய்ச்சல். மண்வெட்டி அத்தோடு பூட்டப்பட்டது.

அப்போதுதான் மீரா உசேன் வந்தார். நாகூர்க்காரர், கப்பலில் போய்விட்டு வந்தவர்; துரைக்கண்ணுவைவிட நாலைந்து வயது மூத்தவர் இருக்கலாம். வீடு வீடாகக் கைலியும் செண்டும் விற்றார். அவர் கைலியை விரித்துக் காட்டியபோது வைத்தியலிங்கம் கைலியைப் பார்க்கவில்லை; விரித்த கையைப் பார்த்தார். விரல் அடியெல்லாம் கொட்டைப்பாக்குப் பதித்த மாதிரி காய்ப்பு.

"பாய், இது எதுல வந்திச்சு?"

"மேளத்துலங்க. ஆப்பிரிக்கா மேளம். டக்கார் தொறமுகத்துல எங்க கப்பல் பதினோரு மாசம் நின்னிச்சு. எஞ்சின் ஒரு மீன முழுங்கிடிச்சு. எடுக்க ஆளு வர வரைக்கும் அந்த ஊரு ஆளுங்களோட ஒக்காந்து கத்துக்கிட்டேன். ஜெம்பேன்னு பேரு."

"வீட்டுக்குள்ள ஒக்காந்து அடிக்கலாமா?"

"எங்க வேணாலும் அடிக்கலாங்க."

"எவ்வளவு நாள்ல காய்க்கும்?"

"எது?"

வைத்தியலிங்கம் பேச்சை மாற்றினார். "எவ்வளவு நாள்ல வரும்னு கேட்டேன். வித்தை."

4

ஜெம்பே ஒற்றை மரத்தில் குடைந்தது. மேலே அகலம், நடுவில் ஒடுக்கம், கீழே குழாய். ஆட்டுத்தோல் போர்த்தி, சுற்றிலும் கயிற்றால் இறுக்கியிருக்கும். உரலுக்குத் தோல் போர்த்தினால் இப்படித்தான் இருக்கும். ஊரில் அதைக் கப்பல் உரல் என்றார்கள். பண்ணையின் விதைநெல் கிடங்கில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாடம்.

முதல் பத்து நாள் வைத்தியலிங்கத்துக்குத் திருநாள். துரைக்கண்ணு தோலை அடித்ததைவிட மரவிளிம்பை அடித்தது அதிகம். கட்டைவிரல் கட்டையில் மோதி நீலமாயிற்று. விரல் அடியில் கொப்புளம் வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. மாமா தினமும் மாலையில் கையைத் திருப்பிப் பார்த்து, "காய்க்கட்டும், காய்க்கட்டும்" என்று தடவிக்கொடுத்தார்.

பாய்க்கு மட்டும் திருப்தி இல்லை.

"தம்பி, நீங்க மேளத்த அடிக்கல. பகை தீத்துக்கிறீங்க."

"சத்தம் வர வேணாமா பாய்?"

"சத்தத்த அது குடுக்கும். நீங்க புடுங்காதீங்க. தோசக்கல்லு காஞ்சிருக்கான்னு தொட்டுப் பாப்பீங்கல்ல, தொட்ட ஒடனே கை தன்னால மேல வரும்ல, அந்த மாதிரி. தோலு சுடுதுன்னு நெனச்சிக்குங்க. பட்டுச்சா, வந்துடணும். அமுக்கிக்கிட்டு ஒக்காந்திருந்தா சத்தம் உள்ளயே செத்துடும்."

பாய் கப்பலில் சமையல்காரராகவும் இருந்தாராம். ஆகவே எல்லாப் பாடமும் அடுப்பங்கரை வழியாக வந்தது. நடுத்தோலில் உள்ளங்கை முழுதும் விழுந்து எழுந்தால் 'தும்'. விரல்களைச் சேர்த்து, விரல் அடி மேடு விளிம்பில் உட்கார, விரல் சதை மட்டும் தோலில் பட்டால் 'தோ'. அதே இடத்தில் விரல்களைத் தளரவிட்டு, ஈரக்கையை உதறுகிற மாதிரி நுனியால் சொடுக்கினால் 'டக்'. மூன்றே சத்தம். தோள் காதுப்பக்கம் ஏறக் கூடாது. கட்டைவிரல் விலகி நிற்க வேண்டும், விருந்தில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி.

"வலது கைக்கு எல்லாம் தெரிஞ்சிடிச்சு. எடது கைதான் சோம்பேறி" என்றார் பாய். "இனிமே எல்லாத்தயும் எடது கையில ஆரம்பிங்க. ரெண்டு கையும் அண்ணன் தம்பியா இருக்கக் கூடாது. ரெட்டப் புள்ளைங்களா இருக்கணும். கண்ண மூடிக்கிட்டு கேட்டா எந்தக் கை அடிச்சிச்சுன்னு எனக்குத் தெரியக் கூடாது."

அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒருநாள் மத்தியானம், மெதுவாக, மிக மெதுவாக, இடது கையால் ஒரு 'தோ' அடித்தான். அடித்தது மாதிரியே இல்லை. கை எங்கேயோ போய்விட்டு வந்தது. சத்தம் மட்டும் கிடங்கில் நின்றது. மூட்டைகளின் மேல் இருந்த எலிகள் ஓடுவதை நிறுத்தின. வெளியே வாய்க்காலில் தவளைகள் கத்துவதை நிறுத்தி மூன்று நாள் வரை மறுபடி தொடங்கவில்லை. கைக்குள் வலியே இல்லை. தண்ணீரில் கை வைத்த மாதிரி—

(அவன் கைக்குள் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே கேட்கிறீர்கள். கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது.)

5

ஊர் என்ன நினைத்தது என்பதை இங்கே போட வேண்டும். போன பகுதியிலேயே போட்டிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

பண்ணைக் கிடங்கிலிருந்து தினமும் 'தும் தும் தோ டக்' என்று வந்தால், பண்ணையார் வெளியூரிலிருந்து அடியாள் கூப்பிடுகிறார் என்று சங்கத்துக்காரர்கள் நினைத்தார்கள். சங்கத்துக்காரர்கள் பதிலுக்குக் கூட்டம் போட்டதும், சங்கம்தான் யாருக்கோ சைகை கொடுக்கிறது என்று போலீஸ் நினைத்தது. கான்ஸ்டபிள் ஒருவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒன்பது நாள் அத்தனை அடியையும் நோட்டில் எழுதி, சங்கேதம் உடைக்க மேலிடத்துக்கு அனுப்பினார். "தெளிவாக இல்லை, மீண்டும் அனுப்பவும்" என்று பதில் வந்தது. அவர் மீண்டும் ஒன்பது நாள் உட்கார்ந்தார். இரண்டாவது அறிக்கையின் கடைசியில், "தற்போது இடது கை முன்னேறியுள்ளது" என்று ஒரு வரி இருந்ததாகச் சொல்வார்கள்.

இவர்களில் ஒரே ஆள்தான் நேரே வந்து பார்த்தது. நீலாம்பாள். நாற்று முடியோடு போகிற வழியில் கிடங்கு ஜன்னலருகே நின்றாள். சங்கம் வந்த பிறகு அவள் தெருவில், பண்ணை வீட்டாரைக் கூப்பிடுகிற 'ஆண்டே' போய் 'ஐயா' வந்திருந்தது. நீலாம்பாள் அதையும் பல்லுக்கடியில் வைத்துத்தான் சொல்வாள்.

"என்னங்கய்யா, நெல்லில்லாத உரல இந்தக் குத்து குத்துறீங்க?"

துரைக்கண்ணு கையை எடுத்துக்கொண்டான். "சும்மா. பழகுறேன்."

"பழகுங்க. யாரு கேட்டா."

"நல்லாருக்கா?"

நீலாம்பாள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "சத்தம் நல்லாத்தான் இருக்கு. யாரு குடிய கெடுக்கன்னுதான் தெரியல."

அவன் மேளத்தின் கயிற்றை இழுத்து இறுக்கினான்.

"அந்த ஆறு மா போனா எம் பொண்ணுங்க ரெண்டும் பள்ளிக்கூடத்த வுட்டுட்டு பண்ணைக்குத்தான் வரணும். ஒங்க மாமா ஊட்டுச் சாணி அள்ள. அத மட்டும் கணக்குல வச்சிக்கிட்டு தட்டுங்க."

போய்விட்டாள். அன்று மத்தியானம் பாடம் சரியாக வரவில்லை.

6

ஐந்தாவது வாரம் வைத்தியலிங்கம் கையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். கொப்புளம் இல்லை. பழைய காய்ப்பெல்லாம் செதில் செதிலாக உரிந்து, அடியில் பழைய நுங்கு எட்டிப் பார்த்தது. விரல் அடியில் மட்டும் தோல் கொஞ்சம் தடித்திருந்தது. இரண்டு கையிலும், அளந்து வைத்தாற்போல.

"என்ன பாய், கை வெளுத்துக்கிட்டே போவுது?"

"இப்பதாங்க சரியா அடிக்கிறாரு. தப்பா அடிச்சாத்தான் கை கெடும். அடி சரியாயிட்டா கைக்கு ஒண்ணும் ஆவாது."

வைத்தியலிங்கம் பாயின் கையைப் பிடித்துத் திருப்பினார். "அப்ப ஒங்க கையில இருக்கறது?"

மீரா உசேன் முதல்தடவையாகத் தரையைப் பார்த்தார். "அது கப்பல் வடம் இழுத்ததுங்க. ஏழு வருசம். வாத்தியக்காரன்னு சொன்னா ஒரு மரியாதன்னு சொல்லிட்டேன்."

"கொஞ்சம் தப்பா அடிக்கச் சொல்லிக்குடுக்கறது. கட்டையில ரெண்டு அடி பட்டா என்ன?"

"கட்டையில பட்டா அதுக்குப் பேரு கதவு தட்டுறதுங்க. அதுக்கு எதுக்கு வாத்தியாரு?"

பாயை அன்றே அனுப்பிவிட்டார். மேளத்தை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு மாமாவே விசிறியோடு எதிரில் உட்கார்ந்தார். "கட்டையில அடி. இன்னும் ஓங்கி. பழையபடி அடிடா!"

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். சரியாக அடிக்கக் கற்ற கை திரும்பத் தப்பாக அடிக்காது. கட்டளை தோள் வரை வரும். மணிக்கட்டில் கை அதைத் திருத்திவிடும். நீந்தத் தெரிந்தவனைத் தண்ணீரில் தள்ளி மூழ்கச் சொல்கிற மாதிரி. கட்டைவிரல் தானாக விலகிக்கொண்டது. வைத்தியலிங்கம் செங்கல்லைக் கொண்டு தேய்த்தார், புளியும் சுண்ணாம்பும் பூசினார். கை சிவந்தது, காய்க்கவில்லை.

"ஒன் மேலயே எனக்கு சந்தேகமா இருக்குடா" என்றார் கடைசியில். "பதிவு ஒன் பேருல. நாளைக்கி நெல உச்சவரம்புன்னு வந்தா பட்டாவையும் ஒன் பேருக்கே மாத்துவேன். ஆனா நெலம் யாருது?"

"ஒங்களுது மாமா."

"சொல்லும்போது மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

7

இந்த இடத்தில் எனக்கு மீரா உசேன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கே பாத்திரத்தின் மேல் சந்தேகம் வரக் கூடாதா? வரலாம்.

பாடம் முடிந்து போகிற வழியில் பாய் நீலாம்பாள் வீட்டு வாசலில் நின்று மோர் குடித்ததை நான் பார்த்தேன். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. முதலில், "வெயில், ஆகவே மோர்" என்று எழுதினேன். பிறகு ஐப்பசி மழையில் என்ன வெயில் என்று அடித்தேன். நீலாம்பாள் கேட்டிருப்பாளா? "நல்லாச் சொல்லிக்குடுங்க பாய், ரொம்ப நல்லாச் சொல்லிக்குடுங்க" என்று? ஒரு மனிதனைக் கவிழ்க்க அவனுக்கு ஒரு வித்தையை ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பது என்று எங்காவது உண்டா? குறிப்பாக அந்த இடது கை. இரட்டைப் பிள்ளை என்று ஏன் அத்தனை பிடிவாதம்?

பல வருஷம் கழித்து நாகப்பட்டினத்தில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் பாயைப் பார்த்து நேராகவே கேட்டேன்.

"நீலாம்பாள் சொல்லித்தான் அப்படிச் செஞ்சீங்களா?"

"எப்படி?"

"நல்லா."

பாய் வெகுநேரம் சிரித்தார். "தம்பி, எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான். அதயும் கெட்டதாச் சொல்லிக்குடுக்க எனக்கு வரல."

இதுவும் முன்கூட்டியே தயாரித்த பதில் மாதிரித்தான் தோன்றியது.

துரைக்கண்ணு மேலும் எனக்கு நல்லெண்ணம் இல்லை. அவன் மாமாவுக்கு எதிரில் வேண்டுமென்றேதான் நன்றாக அடித்தான் என்று ஒரு வரி எழுதினேன். பிறகு, பயத்தில்தான் நன்றாக அடித்தான் என்று மாற்றினேன். இரண்டையும் அடித்துவிட்டேன். தன்னைப் பற்றி நல்லதாக எழுத வைக்க முயல்கிற பாத்திரம் அது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

8

விசாரணை ஐப்பசி கடைசியில், ஊர்த் தொடக்கப்பள்ளியில். வெளியே மழை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வாத்தியார் மேசையில் அதிகாரி உட்கார்ந்தார். ஒரு பக்கம் வைத்தியலிங்கமும் அவர் ஆட்களும். இன்னொரு பக்கம் சங்கத்துக்காரர்கள், ஈரச் சட்டையோடு. நடுவில் கான்ஸ்டபிள், நோட்டோடு. நான் ஓரமாக நின்றேன்.

அதிகாரி குள்ளமான மனிதர். காகிதங்களை ஓரமாக ஒதுக்கினார்.

"துரைக்கண்ணு யாரு? கையக் காட்டுங்க."

இரண்டு கையும் மேசைக்கு மேல் நீண்டன. அதிகாரி கண்ணால் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்திக்கொண்டே போனார். விரல் அடியில் நின்றார். வலது. பிறகு இடது. மறுபடி வலது.

"தோல் தடிச்சிருக்கு" என்றார்.

வைத்தியலிங்கம் மூச்சுவிட்டார்.

"ரெண்டும் ஒரே மாதிரி தடிச்சிருக்கு. மம்முட்டி புடிச்சா ஒரு கை மேல, ஒரு கை கீழ. கருக்கருவா புடிக்கறது ஒரு கை, கதிரப் புடிக்கறது இன்னொரு கை. எப்படி ரெண்டும் ஒரே மாதிரி ஆச்சு? எதுல பாடுபட்டீங்க?"

"வயல்லதாங்க" என்றான் துரைக்கண்ணு.

"எந்த வயல்ல?"

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கையை விட்டுவிட்டு, "அந்தம்மா வாங்க" என்றார்.

நீலாம்பாள் வந்தாள். இருபது நாளாக நடவு. விடிந்ததிலிருந்து சேற்றுத் தண்ணீரில் நின்றுவிட்டு அப்படியே வந்திருந்தாள். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். பிடித்ததும் அவர் முகம் மாறியதை எல்லாருமே பார்த்தோம். கை தண்ணீரில் ஊறி, வெளுத்து, சுருங்கி, பழந்துணி மாதிரி இருந்தது. காய்ப்பெல்லாம் ஊறி இளகிப்போய்விட்டது. விரல் சந்துகளில் சேற்றுப்புண்.

"மெத்துன்னு இருக்கே."

"தண்ணியில கெடந்த கைங்க. வேற எப்படி இருக்கும்?"

"ஆறு வருசமா நீங்கதான் பாடுபடறீங்களா?"

"நாந்தான் படறேன். இவரு மாமா ஊட்டுக்கு நெல்லு அளந்தவளும் நாந்தான். அந்தக் கையும் இதுதாங்க. கை வேணும்னா வெட்டி வச்சிட்டுப் போறேன், காஞ்ச பொறவு பாத்துக்குங்க."

வெளியே மழை கூடியது. அதிகாரி ரொம்ப நேரம் அந்தக் கையை விடவில்லை. பிறகு விட்டார். பேனாவை எடுத்தார்.

9

இங்கேதான் நான் ஐம்பது வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன். மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. அதிகாரி பேனாவைத் திரும்ப வைத்துவிட்டு, நீலாம்பாளின் இடது கையைத் திருப்புகிறார். சுண்டுவிரலில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். கதிரைப் பிடிக்கிற கையில், கருக்கருவா தவறித் தவறி விழுந்த தழும்புகள். அதைத் தண்ணீரால் ஊறவைத்து அழிக்க முடியாது. துரைக்கண்ணுவின் இடது சுண்டுவிரலையும் பார்க்கிறார். அது கல்யாணப் பெண்ணின் விரல் மாதிரி இருக்கிறது. நீலாம்பாள் பெயரை எழுதுகிறார். சங்கத்துக்காரர்கள் மழையில் ஆடுகிறார்கள்.

நியாயமான முடிவு. இவ்வளவு நியாயம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே மத்தியானத்தில் நடந்ததாக எழுத எனக்குக் கை கூசுகிறது.

இரண்டாவது முடிவு. "அம்மா, கை மெத்துன்னு இருக்கு. என் வழக்கத்த நான் மாத்த முடியாது" என்கிறார் அதிகாரி. துரைக்கண்ணு பெயரை எழுதுகிறார். தடித்த தோல் தடித்த தோல்தான். எதில் தடித்தது என்று மேற்கொண்டு தோண்ட அவருக்குப் பொழுதில்லை, இன்னும் நாலு கிராமம் பாக்கி. நீலாம்பாள் மழையில் இறங்கி, நட்டது பாதியில் நிற்கிற வயலுக்கே போய் மீதியை நடுகிறாள்.

இது நடந்திருக்கக்கூடிய முடிவு. படிக்கிறவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

மூன்றாவது முடிவு. பேனா காகிதத்தைத் தொடுவதற்கு முன் துரைக்கண்ணு பேசுகிறான்: "ஐயா, நான் வயல்ல எறங்குனதில்ல. எனக்கு மேளம்தான் தெரியும்." மேசையை இழுத்து வைத்துக்கொண்டு அடிக்கிறான். தும், தும், தோ, டக். கான்ஸ்டபிள் எழுதுவதை நிறுத்துகிறார். மாமா எழுந்து—

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே இதை நான் கொஞ்சமும் நம்பவில்லை. இவ்வளவு நல்லவனாக அவன் எப்போது ஆனான்? யார் கொடுத்த தைரியம்? இதை எழுதும்போதெல்லாம் யாரோ என் காதருகே, "ஆமா, அப்படியே போடுங்க" என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

நாலாவதாக ஒரு முடிவு தொடங்கினேன்: "அன்று மாலை வைத்தியலிங்கம் மருமகனைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு, துரைக்கண்ணு இந்தத் தடவை அவர் முகத்தை நேராகப் பார்த்து—"

வேண்டாம். அதை முடிக்கப் போவதில்லை.

10

ஆகவே உங்களிடமே விட்டுவிடுகிறேன். அதிகாரியின் பேனா காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கிறது. நீலாம்பாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருக்கிறாள்; பெண்பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே நனைந்துகொண்டு பார்க்கின்றன. துரைக்கண்ணு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறான். மூன்று முடிவில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் சொந்தமாக ஒன்று எழுதலாம். யாரை நம்புவது, யாரைச் சந்தேகிப்பது என்பதும் உங்கள் விருப்பம். என்னைக் கேட்டுப் பயனில்லை. நான் பார்த்ததை மட்டும் சொன்னேன், அதுவும் ஓரமாக நின்று.

அந்த ஆறு மா நிலத்துக்கு இன்றைக்குப் பட்டா துரைக்கண்ணு பெயரில் இருக்கிறது, துரைக்கண்ணு நான்தான்.